மயிலம்மாளின் முதுகில் விழுந்த சிவப்பு வெளிச்சம்

மலேசியாவில், லாபு பக்கத்துத் தோட்டத்தில் முதுகு வலி என்ற நோயே கிடையாது. இதைக் கண்டுபிடித்தவர் தோட்டத்து டிரஸ்ஸர் கணேசமூர்த்தி. ஊசி போடுவது, மாத்திரை கொடுப்பது, லீவுக்கு எம்.சி. எழுதுவது, எழுதாமல் விடுவது எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. டாக்டர் மாதம் ஒருமுறை சிரம்பானிலிருந்து காரில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டிரஸ்ஸர்தான் டாக்டர். காய்ச்சல் என்று யாராவது வந்தால் அவர் ஒப்புக்கொள்வார், தெர்மாமீட்டர் சொல்லும். வெட்டுக்காயம் என்றால் ரத்தம் சொல்லும். முதுகு வலிக்கு யார் சாட்சி? வலிக்கிறது என்று சொல்கிற ஆளையே சாட்சியாக வைத்துக்கொண்டால் தோட்டம் என்னத்துக்கு ஆகும்? ஆகவே அந்த நோயை அவர் கேட்டுக்குள்ளேயே விடவில்லை.

அந்த இல்லாத நோய் மயிலம்மாளுக்கு ரொம்ப நாளாக இருந்தது.

மயிலம்மாள் அதே தோட்டத்தில் பிறந்தவள். ரப்பர் காலத்தில், பாவாடை கட்டுகிற வயதிலேயே, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுபோனாள். ஒரு சொட்டுத் தளும்பாமல் நடக்கிறாள் என்று அந்த நாள் கங்காணி பாராட்டினார். பாராட்டு மட்டும் தாராளமாகவே கிடைத்தது. அப்புறம் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் பாமாயிலுக்கான செம்பனை நட்டார்கள். பெரிய முன்னேற்றம் என்று பேச்சு. மயிலம்மாளைப் பொறுத்தவரை முன்னேற்றம் என்பது வாளிக்குப் பதில் குலை வந்ததுதான். வாளியாவது வழவழப்பாக இருக்கும். செம்பனைக் குலைக்கு உடம்பெல்லாம் முள்.

அவள் புருஷன் சன்னாசி வெட்டுக்காரன். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் அவன் குலையை இழுத்து வெட்டுவான். குலை தொப்பென்று விழும். அதோடு அவன் வேலை முடிந்தது. அடுத்த மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போய்விடுவான். விழுந்த குலையைத் தூக்கி, சதுப்பிலும் சரிவிலும் நடந்து, ரோட்டோரத்தில் கொண்டுபோய் அடுக்குவதும், சிதறின பழத்தைக் குனிந்து பொறுக்குவதும் மயிலம்மாள் வேலை. ஆபீஸில் சன்னாசிக்கு வெட்டுக்காரன் என்று பெயர். மயிலம்மாளுக்கு ஒத்தாசை என்று பெயர். ஒத்தாசை செய்கிறவர்களுக்கு முதுகு வலிக்க என்ன இருக்கிறது?

ஒரு நாள் காலையில் அவள் ஒரு குலையைத் தூக்கக் குனிந்தாள். குனிந்தது சரியாகத்தான் நடந்தது. நிமிர்வதுதான் நடக்கவில்லை. இடுப்புக்குள் ஏதோ பூட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மூச்சு விட்டாலும் இழுத்தது. அந்த நேரம் பார்த்து மண்டோர் வீரமுத்து மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். வேலையை மேற்பார்வை பார்க்கிற மனிதர். இடுப்பை வளைத்துக் கையைத் தொங்கப்போட்டு நிற்கிற மயிலம்மாளைப் பார்த்ததும் தனக்குத்தான் மரியாதை செய்கிறாள் என்று நினைத்து, மோட்டாரில் உட்கார்ந்தபடியே தலையாட்டினார். மரியாதை முடியாமல் நீண்டுகொண்டே போனபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. அவளை டிராக்டரில் குலைகளோடு குலையாக ஏற்றித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

டிரஸ்ஸர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். தேய்த்துக்கொள்ளத் தைலம் கொடுத்தார். முதுகு என்று ஒன்று எல்லாருக்கும் இருக்கிறது, நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று சொன்னார். மயிலம்மாள் அடுத்த நாளே வேலைக்குப் போனாள். போகாவிட்டால் சன்னாசி வெட்டிய குலை மரத்தடியிலேயே கிடக்கும். சன்னாசி கெட்டவன் இல்லை. கள்ளுக்கடையிலிருந்து வருகிற நாள்களில் அவனுக்கு இரக்கம் பொங்கிவரும். தைலத்தை எடுத்துத் தேய்த்துவிடுவான். இடம்தான் தவறிப் போகும். வலிப்பது இடுப்பில், அவன் தேய்ப்பது தோள்பட்டையில்.

செனவாங் பேக்டரியில் வேலை செய்கிற மகள் தனலெட்சுமி ஒருமுறை பிடிவாதமாக அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே படம் பிடித்தார்கள். படத்தில் எலும்பெல்லாம் அழகாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்றார்கள். இந்தச் செய்தி மயிலம்மாளுக்கு முன்னால் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதுவரை வலி சந்தேகத்துக்கு இடமானதாக இருந்தது. அன்றிலிருந்து பொய் என்று நிரூபணமாகிவிட்டது. மயிலம்மாள் அதற்கப்புறம் வலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தாள். துணி காயப்போடக் கம்பத்தைப் பிடித்தாள். தும்மல் வந்தால் பயந்தாள். சிரிப்பு வந்தாலும் பயந்தாள். நல்லவேளை, சிரிப்பு அடிக்கடி வரவில்லை.

தொண்ணூற்று இரண்டாம் வருடம், மழைக்காலம் முடிந்த சமயம், மாதம் ஒருமுறை வருகிற டாக்டர் இராஜமாணிக்கம் புதுச் செய்தியோடு வந்தார். சிரம்பானில் தம் சொந்தக் கிளினிக்கில் அவர் ஒரு லேசர் மெஷின் வாங்கி வைத்திருந்தார். முதுகு வலிக்கு ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், மெல்லிய வெளிச்சம் போதும் என்பது அவர் சொன்னது. டவுன் பெரிய மனிதர்களின் முதுகில் அதை வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் பழகிப் பார்க்க அவருக்கு முதுகுகள் தேவைப்பட்டன. தோட்டத்தில் முதுகுக்குப் பஞ்சமா? பணம் வேண்டாம், வேனில் அனுப்பினால் போதும், முதுகு வலிக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று டிரஸ்ஸரிடம் கேட்டார்.

டிரஸ்ஸருக்கு இக்கட்டு. தோட்டத்தில் அந்த நோயே இல்லை என்று இத்தனை காலம் சாதித்துவிட்டார். இப்போது டாக்டரே கேட்கிறார். இல்லை என்றால் டாக்டருக்கு முகம் கோணும். அன்றைக்குச் சாயங்காலம் அவர் தாமாகவே தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு நடந்து வந்து மயிலம்மாள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அந்தப் பக்கம் வந்தே பல வருடமாகியிருந்தது. மயிலம்மாள் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் அதைக் குடித்தபடி சுற்றி வளைத்துப் பேசினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"உனக்கு இந்த முதுகு வலி இருக்குதில்லை மயிலம்மா?"

"இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க, ஐயா."

"அப்ப இல்லைலா. இப்ப இருக்கு. நான் எழுதிக் கொடுத்துட்டேன்."

இப்படியாக மயிலம்மாளுக்கு அதிகாரபூர்வமாக முதுகு வலி வந்தது. கூடவே பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக ஒரு எம்.சி.யும் வந்தது. சிகிச்சை நடக்கிற வாரங்களில் சுமந்தால் மெஷினுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று டாக்டர் பயந்தார்.

லயத்தில் இரண்டு நாளைக்கு வேறு பேச்சில்லை. லேசர் என்றால் இரும்பையே அறுக்கிற வெளிச்சம் என்று டெலிவிஷன் பார்க்கிறவர்கள் சொன்னார்கள். பக்கத்து வீட்டு முத்தாயி, முதுகில் விட்டால் வயிறு வழியாக வெளியே வருமே, அதற்கு டாக்டர் என்ன வழி வைத்திருக்கிறார் என்று கேட்டாள். சன்னாசியின் கவலை வேறு. அவள் இல்லாத நாளில் குலையை யார் சுமப்பது? மண்டோர் யாரையும் அனுப்பவில்லை. முதல் நாள் அவனே வெட்டி அவனே சுமந்தான். சாயங்காலம் வந்தவன் சோறு போடச் சொல்லிவிட்டு, சோறு வருவதற்குள் தரையில் படுத்துத் தூங்கிப்போனான். இத்தனை வருடத்தில் ஒரு குலையின் கனம் என்ன என்பதை அவன் அன்றுதான் தெரிந்துகொண்டான். தெரிந்துகொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

கிளினிக்கில் குளிர்சாதனம் ஓடியது. மயிலம்மாளைக் குப்புறப் படுக்கவைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். முதுகைப் பார்க்கிற மெஷினுக்கு இவள் கண்ணாடி எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. டாக்டர் பேனா மாதிரி ஒன்றை எடுத்து இடுப்பில் அங்கங்கே வைத்தார். அதன் இடுக்கு வழியாக, பக்கத்துச் சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை ஓரக்கண்ணால் பார்த்தாள்; குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. பீப் என்று சத்தம் கேட்டதும் இடம் மாற்றி வைத்தார். சுடவில்லை. குத்தவில்லை. கூசக்கூட இல்லை. அவள் அறிந்த மருந்தெல்லாம் கசக்கும், அல்லது எரியும், அல்லது ஊசியாக ஏறும். ஒன்றுமே செய்யாத மருந்தை அவள் அன்றுதான் பார்த்தாள்.

வெளிச்சம் தசைக்குள் போய் வீக்கத்தைத் தணிக்கும், உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்று டாக்டர் விளக்கினார். விளக்கிவிட்டு, பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க மயிலம்மாளுக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் பரவாயில்லை என்றாள். டாக்டர் சந்தோஷமாகத் திரும்பி அங்கே நின்ற நர்ஸிடம் இங்கிலீஷில் சொன்னார். மயிலம்மாள் சொன்னது இரண்டு வார்த்தை. அவர் சொன்னது நீளமாகப் போனது. மயிலம்மாள் அதைக் கவனித்துக்கொண்டாள்.

வெளிச்சம் முடிந்ததும் பக்கத்து அறைக்கு அனுப்புவார்கள். அங்கே ரோஸ்னா என்று ஒரு மலாய்க்காரப் பெண், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி நெஞ்சோடு அணைக்கச் சொன்னாள். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துக் கையை ஊன்றி எழச் சொன்னாள். தினமும் வீட்டில் செய், அக்கா, வெளிச்சத்தை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதே என்று மலாயில் மெதுவாகச் சொன்னாள். அடுத்த அறையில் இருந்த டாக்டருக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மயிலம்மாளுக்கு அந்தப் பயிற்சி வெட்கமாக இருந்தது. பட்டப்பகலில் பாயில் படுத்துக் காலைத் தூக்கிக்கொண்டு கிடப்பதற்குப் பெயர் வைத்தியம் என்று யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சன்னாசியின் காற்சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். போட்ட பிறகுதான், கம்பத்தைப் பிடிக்காமல் நிற்கிறோம் என்பது தெரிந்தது. சும்மா நின்று பார்த்தாள். மெல்லக் குனிந்து வாளியிலிருந்து இன்னொரு துணியை எடுத்தாள். நிமிர்ந்தாள். இடுப்பின் ஓரத்தில் ஒரு முணுமுணுப்பு மட்டும் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. முத்தாயி பார்த்துவிடுவாளே என்று ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வலி குறைந்த செய்தி பரவியதும் உரிமை கொண்டாட ஆள் குறைவில்லை. மெஷின்தான் காரணம் என்றார் டாக்டர். சரியான ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியதுதான் காரணம் என்றார் டிரஸ்ஸர். தான் இத்தனை வருடம் தேய்த்த தைலம் இப்போதுதான் உள்ளே இறங்கியிருக்கிறது என்றான் சன்னாசி. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன் என்றாள் முத்தாயி. மயிலம்மாளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. வெளிச்சமாக இருக்கலாம். காலைத் தூக்கியதாக இருக்கலாம். சுமக்காமல் இருந்ததாகவும் இருக்கலாம். மூன்றையும் ஒரே சமயத்தில் ஆரம்பித்துவிட்டதால் எதற்கு நன்றி சொல்வது என்று குழப்பம். ரோஸ்னாவிடம் கேட்டாள். ரோஸ்னா தோளைக் குலுக்கினாள். வெளிச்சம் சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை, ஏன் என்று பெரிய படிப்புப் படித்தவர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

இந்த நேரத்தில் மேனேஜருக்கும் முதுகு வலி வந்தது. அவர் கோல்ப் ஆடுகிறவர். கூலிக்காரியின் முதுகுக்கே வேலை செய்த மெஷின் தம் முதுகுக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று நம்பிக் கிளினிக்குக்குப் போனார். காலையில் வெளிச்சம் வாங்கிக்கொண்டு சாயங்காலம் மட்டையைச் சுழற்றினார். வலி அப்படியே இருந்தது. முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னாள் ரோஸ்னா; மேனேஜர் அதையெல்லாம் செய்வாரா? மெஷினின் மதிப்பு மேனேஜர் பங்களாவில் சரிந்துகொண்டிருந்தது. டாக்டர் கவலைப்பட்டார். சுற்றுவட்டாரத் தோட்டத்து மேனேஜர்கள் கூடுகிற கிளப்பில் ஒரு தேநீர் விருந்து வைத்து, மெஷினைப் பற்றிப் பேசி, மயிலம்மாளை நேரில் காட்டிவிட முடிவு செய்தார்.

அதே வாரம் மண்டோர் வீரமுத்துவும் லயத்துக்கு வந்தார். எம்.சி. முடிகிறது, முதுகுதான் சரியாகிவிட்டதே, திங்கட்கிழமையிலிருந்து பழையபடி குலை தூக்க வரவேண்டும் என்றார். குணமானதற்குக் கிடைத்த பரிசு அது. அன்று மயிலம்மாள் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு யோசித்தாள். பழையபடி குலை, பழையபடி குனிவது, பழையபடி ஒரு நாள் பூட்டிக்கொள்வது. இந்தத் தடவை பூட்டிக்கொண்டால் வெளிச்சமும் இருக்காது. டாக்டருக்கு வேண்டிய முதுகு கிடைத்துவிட்டது. தனலெட்சுமி போனில் பேசியபோது, யூனியனில் சொல்லச் சொன்னாள். யூனியன்காரர் கோலா கிளாவாங் பக்கம் ஏதோ திறப்பு விழாவுக்குப் போயிருந்தார். எப்போது வருவார் என்பது திறப்பு விழாவின் சாப்பாட்டைப் பொறுத்தது.

கிளப்பில் அதுவரை தோட்டத்து ஜனங்கள் யாரும் சமையல்கட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. மயிலம்மாள் தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனாள். மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். மேனேஜர்கள் கேக் சாப்பிட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் இராஜமாணிக்கம் இங்கிலீஷில் நிறையப் பேசினார். படங்கள் காட்டினார். பிறகு மயிலம்மாள் பக்கம் திரும்பி, எழுந்து நிற்கச் சொல்லி, குனிந்து நிமிரச் சொன்னார். அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள். கைதட்டினார்கள். அவள் வாழ்க்கை முழுக்கக் குனிந்து நிமிர்ந்திருக்கிறாள். கைதட்டல் கிடைத்தது அன்று மட்டும்தான்.

இப்போது எப்படி இருக்கிறது, எல்லாருக்கும் சொல்லுங்கள், நான் மொழிபெயர்க்கிறேன் என்றார் டாக்டர் தமிழில்.

அவர் மொழிபெயர்ப்பில் தன் வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பது அவளுக்குத் தெரியும். நேராக மேனேஜர்களைப் பார்த்து, கடைத்தெருவில் பேசுகிற பசார் மலாயில் பேசினாள். அது அங்கே இருந்த எல்லாருக்கும் புரிகிற பாஷை. குரல் நிதானமாக வந்தது.

"டாக்டர் வெளிச்சம் ரொம்ப நல்ல வெளிச்சம். என் முதுகுக்குள்ளதான் இருக்கு. ஆனா பாரம் தூக்கினா அது கலைஞ்சு போயிடும், தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மண்டோர் திங்கட்கிழமை குலை தூக்கச் சொல்லிட்டாரு. டாக்டர் போட்ட வெளிச்சம் வீணாப் போயிடுமேன்னுதான் எனக்குக் கவலை."

சிகிச்சை நடக்கிற வாரங்களில் சுமக்க வேண்டாம் என்றதைத் தவிர டாக்டர் வேறொன்றும் சொன்னதில்லை. வெளிச்சம் முதுகில் தங்கும் என்றும் சொன்னதில்லை, கலையும் என்றும் சொன்னதில்லை. வாயைத் திறந்தார். எதிரே அவளுடைய தோட்டத்து மேனேஜர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் ஏன் தமக்கு வேலை செய்யவில்லை என்பதற்கு மேனேஜருக்கு அந்த நிமிடம் விளக்கம் கிடைத்துவிட்டது. கோல்ப் மட்டையும் பாரம்தானா என்று கேட்டார். மெஷினின் மானம் அந்த ஒரு பதிலில் தொங்கியது.

"ஆமாம்," என்றார் டாக்டர். "மட்டையும் பாரம்தான்."

மயிலம்மாள் திங்கட்கிழமை குலை தூக்கப் போகவில்லை. செம்பனைக் கன்று வளர்க்கிற நர்சரியில் அவளுக்கு வேலை மாறியது. குழாய் பிடித்துத் தண்ணீர் விட வேண்டும், களை பிடுங்க வேண்டும். களையைக்கூட முக்காலியில் உட்கார்ந்தபடி பிடுங்கலாம். உத்தரவில், வெளிச்சத்தைக் காப்பாற்றும் பொருட்டு என்று எழுதவில்லை. மருத்துவக் காரணம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். வீரமுத்து உத்தரவைப் படித்துவிட்டு, நர்சரி யோசனையை மேனேஜரிடம் சொன்னதே தான்தான் என்று எல்லாரிடமும் சொன்னார்.

அடுத்த மாதம் டிரஸ்ஸருக்குச் சோதனைக் காலம். லயத்துப் பெண்களுக்கெல்லாம் முதுகு வலி வந்துவிட்டது. முத்தாயி முதல் ஆளாக நின்றாள். வயிறு வழியாக வெளிச்சம் வெளியே வந்தாலும் பரவாயில்லை என்றாள். ஒரு தோட்டத்தையே வேனில் ஏற்றிச் சிரம்பானுக்குக் கொண்டுபோவது நடக்கிற காரியமா? மேனேஜர் யோசித்துவிட்டு, குலை தள்ள ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளை வரவழைத்தார். அந்தச் சாமான் உலகத்தில் பல காலமாக இருக்கிறது. தோட்டத்துக்கு வந்துசேர லேசர் வெளிச்சத்தின் சிபாரிசு தேவைப்பட்டது. தள்ளுவண்டி வந்ததும் பாதிப் பேருக்கு வலி குறைந்தது. மீதிப் பேருக்குக் குறையவில்லை. அவர்களுக்கு வெள்ளை மாத்திரை கிடைத்தது.

டாக்டரின் மெஷின் பிறகு முதுகுகளை விட்டுவிட்டது. டவுன் சீமாட்டிகள் முகத்துப் புள்ளியைப் போக்கிக்கொள்ள வந்தார்கள் என்று கேள்வி. ரோஸ்னா கல்யாணமாகி லுக்குட் பக்கம் போய்விட்டாள்.

மயிலம்மாளுக்கு வலி முழுசாகப் போகவில்லை. மழை நாளில் வரும். வந்தால் பாயை விரித்துக் காலை மடக்கிப் படுப்பாள். கதவைச் சாத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். சில வருடம் கழித்துத் தோட்ட நிலத்தை வீட்டுமனைக் கம்பெனிக்கு விற்றார்கள். அவளும் சன்னாசியும் நீலாய் பக்கத்தில் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். சனிக்கிழமை இரவுச் சந்தையான பசார் மாலாமுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள். பையைச் சன்னாசிதான் தூக்கி வருவான். நடுவில் எங்காவது நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இங்கே என்னவோ பிடிக்கிறது என்பான். மயிலம்மாள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த கடையில் கத்திரிக்காய் விலை கேட்டுக்கொண்டிருப்பாள்.